கறிவேப்பிலைக்கு ஊதா விளக்கு வாங்கலாமா?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் எங்கே பார்த்தாலும் விற்கிறார்களே, முக்காலியில் நிற்கும் நான்கு தலை, வளைகிற கழுத்து, ஊதா வெளிச்சம், கையில் ஒரு ரிமோட்: அந்தச் செடி விளக்கை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் எறியவும் வேண்டாம். ரிமோட்டில் வெள்ளைக்கு உரிய பொத்தானை அழுத்திவிட்டு மற்ற நிறங்களை மறந்துவிடுங்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம், கொஞ்சம் நீளம்தான்.

விளக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பயனில்லை, ஒரே பொருள் பெட்டியின் படம் மட்டும் மாறிப் பல பெயர்களில் வருகிறது. நான் கொடுத்தது எழுபது டொலருக்குக் கிட்ட.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். இங்கே தமிழர் வீடுகளில் கறிவேப்பிலைச் சாடி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடையில் வெளியே வெயில் குடித்துச் செழிப்பாக நிற்கும். செப்டெம்பர் கடைசியில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் உள்ளே தூக்கி வருவோம். அதற்குப் பிறகுதான் சோதனை. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலம்கூட இல்லை. நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை அளவில்தான் நிற்கும், அதையும் பக்கத்து வீட்டுக் கூரை மறைத்துக்கொள்ளும். கறிவேப்பிலை மஞ்சளாகி இலை கொட்டத் தொடங்கும். மாமி தினமும் காலையில் போய், விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து "இதை இனி ரசத்துக்குத்தான் போடலாம்" என்பார். குரலில் குற்றச்சாட்டு இருக்கும், யார் மீது என்று சொல்ல மாட்டார். அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகத்தான் விளக்கு வந்து சேர்ந்தது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 80 வாட் என்று போட்டிருக்கிறது. சுவரில் செருகிப் பார்க்கும் சின்ன மின்மானி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்கு தலையையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டபோதும் அது 20 வாட்டைத் தாண்டவில்லை. மின்மானி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். விளக்கு ஓடுவது 5 வோல்ட் யூஎஸ்பி அடாப்டரில். 80 வாட் உண்மை என்றால் அந்த மெல்லிய வயரில் 16 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடினால் விளக்குக்கு முன்னால் வயர்தான் எரியும். உள்ளே இருக்கும் சிறு எல்ஈடிகளை எண்ணி ஆளுக்கு ஒரு வாட் என்று போட்டுக் கூட்டியிருப்பார்கள் போல. முதல் புள்ளி அங்கேயே போயிற்று.

கட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முக்காலி உறுதி. கழுத்துகள் வாங்கிய புதிதில் வைத்த இடத்தில் நின்றன, இப்போது இரண்டு தலைகள் மெல்லக் கீழே குனிகின்றன. நேரக் கருவி 3, 9, 12 மணித்தியாலம் என்று மூன்று தெரிவு தருகிறது, மின்சாரம் ஒரு தடவை போய் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

இனி நிறங்கள். சிவப்பு, நீலம், இரண்டும் சேர்ந்த ஊதா, வெள்ளை என்று நான்கு இருக்கின்றன. பெட்டியின் பின்பக்கம் ஒரு வரைபடம். பச்சையம் எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் இரட்டை மலை. நீலத்தில் ஒரு சிகரம், சிவப்பில் ஒரு சிகரம், நடுவில் பச்சையில் பள்ளத்தாக்கு. ஆகவே பச்சை வெளிச்சம் செடிக்கு வீண், நாங்கள் வீணை நீக்கிவிட்டுச் சத்தை மட்டும் தருகிறோம் என்பது வியாபாரப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒளித்தொகுப்புப் பாடம் படித்த எவருக்கும் இது சரியாகத்தான் படும். இலை பச்சையாகத் தெரிவதே பச்சையைத் திருப்பி அனுப்புவதால்தானே?

வரைபடத்தில் பொய் இல்லை. ஆனால் அது காட்டுவது இலையை அரைத்து, பச்சையத்தைப் பிரித்தெடுத்து, கரைசலாக்கிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்த கணக்கு. ஒளியின் நிறத்தை அலைநீளத்தால், நனோமீற்றரில் சொல்வார்கள். பச்சையத்தில் ஏ, பி என்று இரண்டு வகை. ஈதரில் கரைத்தால் பச்சையம் ஏ 430, 662 நனோமீற்றர் அளவிலும், பச்சையம் பி 453, 642 அளவிலும் சிகரம் காட்டும். உயிருள்ள இலை கண்ணாடிக் குழாய் அல்ல. பச்சை ஒளி இலைக்குள் நுழைந்தால் முதல் அடுக்கிலேயே பிடிபடாது, உண்மை. ஆனால் வெளியே வரவும் விடமாட்டார்கள். திருவிழாக் கூட்டத்துக்குள் அகப்பட்டவனைப் போல ஒவ்வொரு கலத்திலும் முட்டி, திரும்பி, மறுபடி முட்டிக் கடைசியில் எங்கோ ஓரிடத்தில் பிடிபட்டுவிடும். பெரும்பாலான பயிர்களின் இலை தன்மேல் விழும் பச்சை ஒளியில் பாதிக்கு மேல், தடித்த இலையானால் முக்கால் பங்குக்கும் மேல், உள்ளே வைத்துக்கொள்கிறது. திருப்பி அனுப்பும் மிச்சம்தான் எங்கள் கண்ணுக்குப் பச்சை.

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல. 1882இல் ஜெர்மானிய ஆய்வாளர் தியோடர் எங்கெல்மன் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு பாசி இழையை வைத்து, முப்பட்டகத்தால் பிரித்த வெளிச்சத்தை அதன்மேல் விழுத்தினார். ஒளித்தொகுப்பு நடக்கும் இடத்தில் ஒட்சிசன் வரும். ஒட்சிசனை நாடும் பக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் போய்க் குவிந்தன. இரட்டை மலைக் கதை பாடப்புத்தகங்களில் வேரூன்றியதற்கு அந்த அழகான சோதனையும் ஒரு காரணம். ஆனால் 1972இல் டெக்சாஸில் கீத் மக்கிரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்வகைகளின் இலைகளை எடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒளித்தொகுப்பு எவ்வளவு நடக்கிறது என்று அளந்தார். கிடைத்தது அகன்ற மேட்டுநிலம். சிவப்பு முதலிடம். பச்சையில் சற்றுச் சரிவு, அவ்வளவுதான். நீலம் சிவப்பைவிடக் குறைவு, ஏனென்றால் நீலத்தில் ஒரு பங்கைக் கரோட்டினொயிட் நிறமிகள் பிடித்துக்கொள்கின்றன, பிடித்ததை முழுவதும் பச்சையத்திடம் கொடுப்பதில்லை. 2009இல் ஜப்பானில் தெராஷிமாவின் குழு இன்னொரு படி போனது. சூரியகாந்தி இலைக்குப் பலமான வெள்ளை வெளிச்சம் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கும்போது, மேற்கொண்டு சிவப்பைக் கூட்டுவதைவிடப் பச்சையைக் கூட்டினால் ஒளித்தொகுப்பு அதிகம் ஏறுகிறது என்று காட்டினார்கள். மேலடுக்குக் கலங்கள் அதற்குள் வயிறு நிறைந்துவிடுகின்றன. அடியில் பசியோடு இருக்கும் கலங்களுக்குப் போய்ச் சேருவது பச்சை.

அப்படியானால் ஊதா எங்கிருந்து வந்தது? எல்ஈடியின் வரலாற்றிலிருந்து வந்தது. செடி வளர்க்கப் போதுமான சக்தியுள்ள எல்ஈடி முதலில் சிவப்பில்தான் கிடைத்தது. பிரகாசமான நீல எல்ஈடி 1990களில்தான் வந்தது, அதற்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு. கையில் இருந்த இரண்டையும் சேர்த்தார்கள், ஊதாவாயிற்று. பிறகு வீட்டு மின்குமிழ்களுக்காக வெள்ளை எல்ஈடி கோடிக்கணக்கில் செய்யப்பட்டு விலை விழுந்துவிட்டது. வெள்ளை எல்ஈடி என்பதே 450 நனோமீற்றர் அளவிலான நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சுப் பூசியதுதான். நீலத்தில் ஒரு பகுதி அப்படியே வெளியே வரும், மிச்சத்தைப் பூச்சு பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றும். செடிக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஊதா பழக்கத்தில் தங்கிவிட்டது, அதோடு படத்தில் பார்க்க விஞ்ஞானம் மாதிரியும் இருக்கிறது.

இருந்தாலும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பேஸ்மென்ட்டில் அட்டைப்பெட்டித் தடுப்பு வைத்து, நிறத்துக்கு ஒரு தட்டு என்று வெந்தயமும் கொத்தமல்லியும் விதைத்தேன். விளக்கின் உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

சிவப்பில் மட்டும் நின்ற வெந்தயம் நெடுநெடு என்று வளர்ந்தது. முதலில் பார்த்தவர்கள் இதுதான் நல்லது என்றார்கள். தண்டு நூல் மாதிரி, இலை சின்னன், நிறம் வெளிறல், தண்ணீர் தெளித்தால் சாய்ந்து படுக்கிறது. செடிக்கு நிறம் சாப்பாடு மட்டும் அல்ல, செய்தியும்கூட. நீல ஒளியை அறியும் கிரிப்டோகுரோம், போட்டோட்ரோபின் என்ற புரதங்கள் செடியிடம் இருக்கின்றன. தண்டு நீளுவதை அடக்குவது, வெளிச்சம் வரும் பக்கம் வளைவது, இலைவாய்களைத் திறப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு. நீலம் அறவே இல்லாவிட்டால் செடி இன்னும் மண்ணுக்கடியிலோ நிழலிலோ இருப்பதாக நினைத்து மேலே ஓடுகிறது.

நீலத்தில் நின்றது இதற்கு நேர்மாறு. குட்டை, கட்டை, கடும்பச்சை, தொட்டால் விறைப்பு. வடிவாகத்தான் இருந்தது, ஆனால் பிடுங்கி நிறுத்தால் ஒரு பிடிகூடத் தேறவில்லை. 450 நனோமீற்றர் நீல ஒளித்துகள் ஒன்றில் 660 சிவப்பு ஒளித்துகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சக்தி இருக்கிறது. ஒளித்தொகுப்புக்கு அந்த மேலதிகம் தேவையில்லை, அது வெப்பமாகப் போய்விடும். கொடுத்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளித்துகளின் எண்ணிக்கையும் குறைகிறது. நீலம் கொஞ்சம் வேண்டும், நிறைய வேண்டாம்.

ஊதாவில் செடி நன்றாகவே வளர்ந்தது. அதை மறைக்கப் போவதில்லை. யாரும் வசிக்காத பெரிய அடுக்குப் பண்ணைகளில் சிவப்பும் நீலமும் அதிகம் வைப்பதில் நியாயமும் இருக்கிறது: மின்சாரக் கணக்கில் சிவப்பு எல்ஈடிதான் சிக்கனம். என் பிரச்சினை வேறு. ஊதாவுக்குக் கீழே கறிவேப்பிலை கறுப்பாகத் தெரிகிறது. இலை மஞ்சளாகிறதா, சிலந்திப்பேன் பிடித்திருக்கிறதா, செதில்பூச்சி ஒட்டியிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் வந்த கறிவேப்பிலைக்குச் சிலந்திப்பேன்தான் முதல் எதிரி, அது வந்ததைப் பிந்திக் கண்டால் மரம் மொட்டைதான். 2014இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நாசா அனுப்பிய செடிப்பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்ஈடியும் வைத்திருந்தார்கள். செடி பார்க்கச் செடி மாதிரி இருக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 2015 ஓகஸ்டில் விண்வெளி வீரர்கள் அங்கே விளைந்த சிவப்பு லெட்டூஸைச் சாப்பிட்டார்கள். ஊதா வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும் இலையைச் சாப்பிட எனக்கு மனம் வராது, அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. யன்னலோரம் இரவில் ஊதா எரிந்தால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கனடாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஒக்டோபரிலிருந்து இங்கே கஞ்சா சட்டபூர்வம், ஒன்ராறியோவில் வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டே "அறுவடை எப்போது?" என்றார். கறிவேப்பிலை என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. மாமிக்கு இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

வெள்ளையில் நின்ற தட்டுத்தான் எடை, நிறம், உயரம் எல்லாவற்றிலும் ஒழுங்காக வந்தது.

இதுவரை சொன்னது நிறம். விளக்கு உண்மையில் தோற்பது நிறத்தில் அல்ல, அளவில். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனுக்கு 2000 மைக்ரோமோல் அளவு ஒளித்துகள்கள் விழுகின்றன (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்). இந்த விளக்கை வெள்ளையில் வைத்து, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் கைத்தொலைபேசிச் செயலியால் அளந்தபோது 4000 லக்ஸ் அளவு காட்டியது. வெள்ளை எல்ஈடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்குக்குக் கிட்ட வரும்: 57. இந்தச் செயலியை ஊதாவில் நம்ப வேண்டாம். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்குத்தான் அதிக மதிப்பெண் போடும், சிவப்பையும் நீலத்தையும் கண்டுகொள்ளாது.

சரி, 57ஐ வைத்துக்கொண்டு 12 மணித்தியாலம் எரித்தால் நாள் ஒன்றுக்கு இரண்டரை மோல் வருகிறது. கண்ணாடிக் கூடத்தில் லெட்டூஸ் வளர்ப்பவர்கள் நாளுக்கு 12 முதல் 17 மோல் கொடுக்கிறார்கள். ஜூன் மாதத்துத் தெளிவான நாளில் வெளியே நிற்கும் கறிவேப்பிலைக்கு 40க்கு மேல் கிடைக்கிறது. வெயில் மரம் ஒன்றுக்கு இரண்டரை மோல் என்பது உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கஞ்சி. இலை கொட்டுவது குறைந்தது, புதுத் தளிர் வரவில்லை. தலையை 15 சென்ரிமீற்றருக்கு இறக்கினால் வெளிச்சம் மூன்று மடங்குக்குக் கிட்டக் கூடும், ஆனால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இடத்துக்குத்தான். நாலடி மரத்தின் எந்தக் கிளைக்குக் கொடுப்பது?

பெட்டியில் தொலைச்சிவப்பும் உண்டு என்று பெருமை பேசியிருக்கிறார்கள். 730 நனோமீற்றர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத சிவப்பு. அது செடிக்கு நிழலின் செய்தி: மேலே இருக்கும் இலைகள் சிவப்பை உறிஞ்சிவிட்டுத் தொலைச்சிவப்பைக் கீழே விடுவதால், அது மிகுந்தால் செடி நீளப் பார்க்கும். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுகூடத்தில் லெட்டூஸ் விதைக்குச் சிவப்பும் தொலைச்சிவப்பும் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டியது சிவப்பு என்றால் முளைத்தது, தொலைச்சிவப்பு என்றால் முளைக்கவில்லை. மின் ஆளி (சுவிட்ச்) போல வேலை செய்யும் அந்த நிறமிக்குப் பின்னர் பைற்றோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். பூக்கும் காலத்தைக் கணிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே ஒரு எச்சரிக்கை: நத்தாருக்கு வாங்கிய போயின்செட்டியாவை அடுத்த வருடமும் சிவக்க வைக்க ஆசைப்பட்டால், இந்த விளக்கு இருக்கும் அறையில் அதை வைக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் அதற்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம் இடையறாத இருட்டு வேண்டும். நடுவே கொஞ்சம் சிவப்பு ஒளி பட்டாலும் இரவு முடிந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு பச்சையாகவே நிற்கும். என் சிநேகிதி வீட்டில் நின்றது.

இப்போது என் கறிவேப்பிலை எதற்குக் கீழே நிற்கிறது என்று கேட்பீர்கள். கராஜில் மாட்டுகிற நாலடி நீள வெள்ளை எல்ஈடி விளக்கு, 5000 கெல்வின், 40 வாட், இரும்புச்சாமான் கடையில் முப்பது டொலருக்குள். செடி விளக்கு என்று அதில் எங்கும் எழுதவில்லை. இரண்டு வாங்கி மரத்தின் இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கட்டியிருக்கிறேன். நாளுக்கு 12 மணித்தியாலம் என்றால் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 29 அலகு மின்சாரம் போகும். இரவு 7 முதல் காலை 7 வரை மலிவுக் கட்டண நேரம் என்பதால் பேஸ்மென்ட்டில் மரத்தின் பகலை இரவுக்கு மாற்றிவிட்டேன். மரம் முறையிடவில்லை. சாடியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் ரெஜிபோம் தட்டின்மேல் வையுங்கள். வேர் குளிர்ந்துபோனால் எந்த நிற வெளிச்சமும் கைகொடுக்காது. பெப்ரவரியில் தளிர் வந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு, கிள்ளுவதற்கு இன்னும் காணாது என்றார்.

ஊதா விளக்கு வீணாகவில்லை. குசினித் தட்டில் வெந்தயக் கீரைக்கு மேலே 15 சென்ரிமீற்றர் உயரத்தில் வெள்ளையாக எரிகிறது. அந்த அளவு வேலைக்கு அது போதும். ஐந்துக்கு இரண்டு கொடுத்தேன், முக்காலி இல்லாவிட்டால் ஒன்று.

வேறு எந்த விளக்கை வாங்குவதானாலும் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உண்மையில் எத்தனை வாட் இழுக்கும், எந்தத் தூரத்தில் எத்தனை மைக்ரோமோல் தரும். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டையும் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். நானும் இந்த விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: "அன்பான வாடிக்கையாளரே, எங்கள் விளக்கு எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது."